ஐம்பத்திரண்டு விநாடி

ஜனவரி 6

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். ஆசைப்பட்டு அல்ல. எம்.எஸ்ஸி. உளவியல் இரண்டாம் ஆண்டில் 'ஆய்வுத் திறன்கள்' என்று ஒரு தாள் இருக்கிறது. அதில் இருபது மதிப்பெண் இந்த நோட்டுக்கு. எங்கள் வழிகாட்டி பத்மலோசனி மேடம் ஆளுக்கொரு நோட்டை நீட்டி, ஆய்வு முடியும்வரை நடந்ததையெல்லாம் தேதி போட்டு எழுதிக் கடைசியில் தன்னிடம் தர வேண்டும் என்றார். ஒன்றிலிருந்து தொண்ணூற்றாறு வரை பக்க எண்களை அவரே போட்டு வைத்திருக்கிறார். கிழித்தால் தெரிந்துவிடும். தவறாக எழுதினால் அழிக்கக் கூடாது. பழையது தெரியும்படி ஒரே கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ரொம்ப அழகாக இருந்தால் சந்தேகப்படுவேன் என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேடம், நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். என் பெயர் நஸ்ரின். எனக்கு லிஃப்ட் பயம், தெருநாய் பயம், நீங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் பயம். இன்றைக்கு இது போதும்.

ஜனவரி 8

என் ஆய்வு இதுதான். தோற்றுவிட்டோம் என்று நினைக்கிறவர்கள் அடுத்த வேலையில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார்கள்? முதலாண்டு மாணவர்கள் நாற்பது பேரை அழைக்கப் போகிறோம். ஒவ்வொருவருக்கும் ஐந்து கோட்டுப் படங்கள். பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமலும், போன கோட்டிலேயே மறுபடி போகாமலும் வரைய வேண்டும். முடித்ததும் இருபது பேரிடம் 'உங்கள் மதிப்பெண் சராசரிக்கு மேல்' என்பேன், மற்ற இருபது பேரிடம் 'சராசரிக்குக் கீழ்' என்பேன். யார் எப்படி வரைந்தாலும் சரி. எந்த எண்ணுக்கு எந்தப் பொய் என்று இன்று மதியமே சீட்டுக் குலுக்கி எடுத்துவிட்டோம். கீழ் என்று வந்தவை: 2, 3, 7, 8, 11, 12, 14, 15, 19, 20, 23, 24, 26, 29, 30, 33, 34, 36, 38, 40.

அதற்குப் பிறகு ஆறாவது படம். அதை யாராலும் வரைய முடியாது. எவ்வளவு நேரம் போராடிவிட்டுப் பென்சிலைக் கீழே வைக்கிறார்கள் என்று ஆக்னஸ் திரைக்குப் பின்னால் நேரம் குறிப்பாள். ஆக்னஸ் என் வகுப்புத் தோழி. என் ஆய்வுக்கு அவள் உதவி, அவள் ஆய்வுக்கு நான்.

கடைசியில் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மதிப்பெண் பொய், ஆறாவது படத்துக்கு விடையே கிடையாது, வெளியே காத்திருப்பவர்களிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள் என்று. கல்லூரியின் நெறிக்குழு இந்த நிபந்தனையோடுதான் அனுமதி தந்தது. பட்டியலில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே 'உண்மை சொல்லப்பட்டது' என்று ஒரு கட்டம். அதில் டிக் போட வேண்டும்.

மேடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பொய் சொல்றதுக்கு அனுமதி வாங்கியிருக்கோம். அந்தப் பொய்யை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வாங்கலை."

அறையிலிருந்த சுவர்க் கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார். ஆணி துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டது. வரவில்லை. அப்படியே விட்டுவிட்டோம்.

ஜனவரி 10

அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, கண்புரை அறுவை முடிந்தது. ஆறு வாரத்துக்கு நாளைக்கு நான்கு முறை சொட்டு மருந்து. கண்ணுக்கு வேலை தரக் கூடாதாம். பேப்பர் படிக்காமல் அவருக்குப் பொழுது விடியாது. அதனால் காலையில் நான் உரக்கப் படிக்கிறேன். அம்மாவுக்குச் சமையலறையிலிருந்தே கேட்கும். ராசிபலனை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொல்வாள், நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டே.

ஜனவரி 13

ஒத்திகை. மூன்று மாணவர்கள். 'சராசரிக்குக் கீழ்' என்றதும் ஒரு பையன், எனக்கு எப்பவும் அப்படித்தாங்க்கா என்று சிரித்துக்கொண்டே ஆறாவது படத்தை வரைய ஆரம்பித்தான். பொய் உறைக்கவே இல்லை. மேடத்திடம் சொன்னேன். வார்த்தையை மாற்றாதே, முகத்தை மாற்று என்றார். வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று 'கீழ்' என்று சொல்லிப் பழகினேன். அம்மா பார்த்துவிட்டு, என்னாச்சு, வயிற்று வலியா என்று கேட்டாள்.

ஜனவரி 20

பொங்கல் விடுமுறை முடிந்து ஆய்வு தொடங்கியது. எட்டுப் பேர். முகம் நன்றாக வருகிறது.

ஜனவரி 22

இன்று 17 முதல் 24 வரை. பென்சில் சீவியே கை போய்விட்டது.

23-ஆம் எண் கொஞ்சம் சீக்கிரம் எழுந்துவிட்டாள். ஆக்னஸின் தாளில் உள்ளே வந்தது 2.40, வெளியே போனது 3.08. மூன்றரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பெண். உண்மை சொல்லும் கட்டத்தை நாளை முடித்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் அத்தாவுக்குச் சொட்டு மருந்து வாங்கினேன். கடையில் ஒரு பாட்டில்தான் இருந்தது.

ஜனவரி 27

நாற்பது பேரும் முடிந்தார்கள். பட்டியல் முழுமை. ஆக்னஸும் நானும் கேன்டீனில் முட்டை பப்ஸ் சாப்பிட்டோம்.

ஜனவரி 29

மேடம் கோப்பைப் பார்த்தார். 'உண்மை சொல்லப்பட்டது' கட்டத்தில் நாற்பது டிக். போன வருஷம் ஒருத்தர்கூட இதை ஒழுங்காக நிரப்பவில்லையாம். வகுப்பில் எல்லோருக்கும் தூக்கிக் காட்டிவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார். ஆக்னஸ் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பிப்ரவரி 3

எண்களையெல்லாம் கணினியில் ஏற்றியாயிற்று. மேல் குழுவுக்குச் சராசரி பதினோரு நிமிடம். கீழ் குழுவுக்கு எட்டு. நினைத்தது போலவே வந்திருக்கிறது. ஒரே ஒரு எண் மட்டும் தனியாக ஒதுங்கி நிற்கிறது. 23: நாற்பது விநாடி.

இதை நீக்கிவிடலாமா என்று கேட்டேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். எண்ணை நீக்குவதற்கு முன்னால் ஆளைப் போய்ப் பார், ஏன் நிறுத்தினாள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வா என்றார். பெயர்ப் பட்டியல் அவர் மேசை இழுப்பறையில் பூட்டியிருக்கும், எங்களிடம் எண் மட்டும்தான். திறந்து பார்த்துச் சொன்னார். கௌசிகா. பி.எஸ்ஸி. கணிதம், முதலாண்டு. ஊர் காட்டுவலசு.

எனக்கு அந்த முகம் நினைவிருக்கிறது. நாளை போய் இரண்டையும் சேர்த்து முடித்துவிடலாம்.

பிப்ரவரி 4

கௌசிகா வகுப்பில் இல்லை. ஜனவரி 23-ஆம் தேதியிலிருந்து வரவில்லை என்று வகுப்பாசிரியர் சொன்னார். 23-ஆம் தேதி. மறுநாள்.

பக்கத்தில் உட்காரும் பெண்ணைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளும் அதே பஸ். "அன்னைக்கு ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்துட்டு வந்தாங்க்கா. என்னடீன்னு கேட்டா, எனக்குக் கணக்கு வராதாமா, காலேஜ்லயே பாத்துச் சொல்லீட்டாங்கன்னா. அதுக்கப்பறம் போனே ஸ்விட்ச் ஆஃப்."

மூன்றாம் மாடியிலிருந்து படி இறங்கும்போது கைப்பிடியை விடவே முடியவில்லை.

பிப்ரவரி 5

பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 6

ஒரு பெண் கல்லூரிக்கு வராமல் போக நூறு காரணம் இருக்கலாம். அம்மை போட்டிருக்கலாம். கல்யாணம் பேசியிருக்கலாம். இந்த நோட்டில் காரணங்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன், ஐந்துக்கு மேல் வரவில்லை.

காலையில் பேப்பர் வந்ததும் அத்தாவுக்கு முன்னால் நான் ஓடிப்போய் எடுத்துக்கொள்கிறேன். முதலில் மாவட்டச் செய்திப் பக்கம். அதில் சின்ன எழுத்தில் மாணவி என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று விரலை வைத்துத் தேடுகிறேன். இல்லை என்றால்தான் மூச்சு வருகிறது. அப்புறம் அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து வைத்துவிட்டு மற்றதைப் படிக்கிறேன். இன்று அத்தா கண்ணை மூடியபடியே, "ஏம்மா, நம்ம மாவட்டத்துல ரெண்டு நாளா ஒண்ணுமே நடக்கலையா?" என்று கேட்டார். விளம்பரம்தான் நிறைய அத்தா என்று சொல்லிவிட்டேன்.

ஆக்னஸிடம் 23-ஐ மட்டும் விட்டுவிட்டது பற்றிப் பேசினேன். அவள், "எதை வேணா பண்ணு. நோட்டுல மட்டும் எழுதாத" என்றாள்.

எழுதுகிறேன். ஜனவரி 22 காலையில், ஆட்கள் வருவதற்கு முன்பே, அன்றைய எட்டுக் கட்டங்களிலும் டிக் போட்டுவிட்டேன். எல்லா நாளும் அப்படித்தான் செய்தேன். நடுவில் பேனாவைத் தேட வேண்டாமே என்று. மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் உண்மையைச் சொன்னேன், சத்தியமாகச் சொன்னேன். 23-க்குச் சொல்லவில்லை. காகிதத்தில் அவளுக்கும் சொல்லியாயிற்று. நான் வாயைத் திறக்காவிட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 7

சனிக்கிழமை. அம்மாவிடம் நூலகம் என்று சொல்லிவிட்டுக் காட்டுவலசு போனேன்.

நிறுத்தத்தில் கேட்டதுமே வீட்டைக் காட்டிவிட்டார்கள். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கௌசிகா வீடுதானே என்றேன். "அப்பனும் புள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கறாங்க கண்ணு" என்றார். எதற்கு என்று கேட்க வேண்டும். என்னால் கேட்க முடியவில்லை. யாருக்கு உடம்பு என்றுகூடக் கேட்கவில்லை. எதிரே வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார்ந்தேன். அந்த அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றரை மணி நேரம் இருக்கும். தெரிந்த துஆவையெல்லாம் சொன்னேன். பாதியில் மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

மொபெட் சத்தம் கேட்டது. அவள் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் பெரிய எக்ஸ்ரே உறை. முழுதாக இருந்தாள். இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, என்னைப் பார்த்து அப்படியே நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம் கெட்டுப்போய் அங்கேயே அழுதேன்.

அவள் அப்பா சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். கல்லூரியிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நூற்பாலையில் வேலைக்குச் சேர மருத்துவச் சான்று கேட்டார்களாம், அதற்குத்தான் ஆஸ்பத்திரி. வருகிற பதினாறாம் தேதி திங்கட்கிழமை காலை மில் வேன் வந்து கூட்டிப்போகும். விடுதியிலேயே தங்கல். மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவர் சொன்னார்: "நீங்க முன்னாடியே சொன்னது நல்லதாப் போச்சுங்கம்மா. மூணு வருசம் போயி, வரலைன்னு தெரிஞ்சா என்ன பண்ண முடியும்? வீட்ல பேசிப் பாருன்னு சொல்லி அனுப்பிச்சீங்களாமா. யாருங்க அப்படிச் சொல்லுவாங்க? நல்ல மனசுங்க உங்களுக்கு."

நான் உண்மையைச் சொன்னேன். சோதனை, பொய் மதிப்பெண், விடை இல்லாத படம், எல்லாவற்றையும். வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. அப்பா மகளைப் பார்த்தார். கௌசிகா பால் விடாத வரட்டீ போட்டுக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். என் பையிலிருந்து இந்த நோட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, அதில் பேனாவும் செருகியிருந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இதுவும் அந்த டெஸ்ட்டுதானுங்களாக்கா? இப்ப நான் என்ன சொல்றேன்னு எழுதிக்குவீங்களா?"

இல்லை என்றேன். அன்றைக்கும் டெஸ்ட் இல்லை, சும்மா ஒரு விளையாட்டு என்றுதான் சொன்னீர்கள் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. டீ ஆறுதுங்க்கா என்றாள்.

திருத்திச் சொன்ன பிறகும் பொய் மனதில் தங்கிவிடும் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். பருவத் தேர்வில் அந்தக் கேள்விக்குப் பதினைந்துக்குப் பதினான்கு.

பிப்ரவரி 8

அவள் அப்பா சொன்ன அந்த வார்த்தை, 'வீட்டில் பேசிப் பார்', ஒப்புதல் வாங்கிய வசனத்தில் இல்லை. மேடம், உங்களுக்கே தெரியும். அதைச் சொன்னது நான்தான். ஒத்திகையில் அந்தப் பையன் சிரித்ததற்குப் பிறகு சிலரிடம் ஒன்றிரண்டு வாக்கியம் சேர்த்துக்கொண்டேன். முகம் மட்டும் போதவில்லை.

அத்தாவுக்கு மதியச் சொட்டு மருந்தை மறந்துவிட்டேன். அவரும் ஞாபகப்படுத்தவில்லை. ரெண்டு நாளா மருந்து கன்னத்துலதான் விழுது என்றார்.

பிப்ரவரி 9

மேடத்தின் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். இரண்டு முறை. திங்கட்கிழமைக்கு ஏழு நாள்.

பிப்ரவரி 10

சொல்லிவிட்டேன். டிக், சேர்த்த வாக்கியம், மில் வேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றவில்லை. கோப்பை வரவழைத்து, தன் கையெழுத்தின்மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். "நானும் ஒருத்தரைக்கூடக் கூப்பிட்டுக் கேக்காமதான் போட்டிருக்கேன், நஸ்ரின்" என்றார். அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்றே நெறிக்குழுவுக்குக் கடிதம் போனது. 20-ஆம் தேதி விசாரணை. அதுவரை என் ஆய்வு நிறுத்திவைப்பு. நாற்பது பேரின் தாளும் செல்லாது என்று ஆகலாம், பருவம் போகலாம், அதற்கு மேலும் போகலாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 12

மேடம் கௌசிகாவின் அப்பாவுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்து, அரை மணி நேரம் பேசினார். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். சரியின்னும் சொல்றீங்க, இல்லையின்னும் சொல்றீங்க, நாங்க எதைங்க எடுத்துக்கறது என்றார். பிறகு கௌசிகாவிடம் கொடுத்தார். மேடம் எது சொன்னாலும் அவள் சரிங்க மேடம் என்றாள். பத்துப் பன்னிரண்டு சரிங்க மேடம். கடைசியில் மேடமே ஓய்ந்துபோய், உனக்கு என்னம்மா சந்தேகம், கேளு என்றார்.

அப்புறம் கேட்டாள்: "நான் வர்றதுக்கு முன்னாடியே அந்த மார்க்கு பொய்யின்னு எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்கறீங்களா மேடம்? வந்ததுக்கப்பறம் எழுதுனது வேண்டாங்க."

மேடம் போனை வைத்துவிட்டு என் பையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஜனவரி 8. மூன்றாம் பக்கம். 23 என்ற எண் அவள் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே என் கையெழுத்தில் இருக்கிறது. நடுவில் பக்கம் செருக முடியாத நோட்டு.

பிப்ரவரி 13

மேடம் நோட்டின் முதல் பக்கத்திலிருந்து நேற்று வரை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார். குழுவுக்கு அது போதுமாம். அசலை அவளிடம் கொடு, ஜெராக்ஸை அவள் நம்ப மாட்டாள் என்றார். ஆக்னஸ் கேட்டதும் வெளுத்துப்போனாள். அவள் பெயரும் இதில் இருக்கிறது. பிறகு, நோட்டில் எழுதாதே என்று சொன்னதையும் எழுதியிருக்கிறாயா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சரி, கொடு என்றாள்.

இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் சொன்னேன். அம்மா எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். அத்தா மட்டும், அந்தப் பொண்ணு வேன்ல ஏறீருச்சா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். அப்ப மத்ததெல்லாம் அப்பறம் என்றார்.

பிப்ரவரி 15

காட்டுவலசு பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருக்கும். நாளை காலை ஆறு மணிக்கு வேன். இந்தப் பக்கம் மேடத்தின் ஜெராக்ஸில் இல்லை. நோட்டு திரும்பி வந்தால் அவரும் படிப்பார். ஆனாலும் இதை எழுதாமல் உன்னிடம் நோட்டைக் கொடுக்க முடியாது.

கௌசிகா, முதலில் மூன்றாம் பக்கத்தைப் படி. சீட்டுக் குலுக்கியதில் 23-க்குக் கீழ் என்று வந்தது. அந்த எண் உன் கைக்கு வந்தது, அவ்வளவுதான். உனக்குப் பதில் யார் வந்து உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அடுத்து ஜனவரி 22. மூன்றரை பஸ் என்று எழுதியிருக்கிறேன். பொய். நீ எழுந்து போனது 3.08. பஸ்ஸுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தது. நீயாக எழுந்திருக்கவும் இல்லை. நான்தான் அனுப்பினேன்.

ஏன் என்று சொல்கிறேன். ஆறாவது படத்தைக் கொடுத்ததும் நீ பென்சிலைத் தாளில் வைக்கவே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தாய். நாற்பது விநாடியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இது வராதுங்க்கா" என்றாய். ஏன் என்றேன். மூன்று கோடு வந்து சேருகிற முக்கு நாலு இருக்கிறது, அப்படி ரெண்டுக்கு மேல் இருந்தால் எங்கே ஆரம்பித்தாலும் வராது, கோலத்தில் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறேன் என்றாய். மற்றவர்கள் எட்டு நிமிடம், பதினைந்து நிமிடம் வியர்த்து விறுவிறுத்துக் கைவிட்ட படம். அதை வைத்து ஆய்வு செய்த எனக்கே ஏன் வராது என்று தெரியாது. புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்த படம் அது. அன்று ராத்திரி முக்குகளை எண்ணிப் பார்த்தேன். நாலு.

எனக்குப் பயமாகிவிட்டது. இன்னும் பதினேழு பேர் பாக்கி. நீ வெளியே போய் ஒரு வார்த்தை சொன்னால் என் ஆய்வு மொத்தமும் போச்சு. உண்மையைச் சொல்லி, யாரிடமும் சொல்லாதே என்று கேட்டிருக்கலாம், மற்றவர்களிடம் கேட்டது போல. நீ கேட்டிருப்பாய். ஆனால் நீ சொன்னது சரி என்று தெரிந்துவிட்டால் உன்னால் பேசாமல் இருக்க முடியாது என்று நினைத்தேன். அதனால் உன் வாயை அடைக்க, "மத்தவங்களுக்கெல்லாம் வந்துச்சும்மா" என்றேன். நீ திரும்பவும் படத்தைப் பார்த்தாய். அந்தப் பார்வையைப் பொறுக்க முடியாமல்தான் மீதியையும் சொன்னேன். கணக்கு எடுத்துப் படிப்பது உனக்குக் கஷ்டமாக இருக்கும், வீட்டில் பேசிப் பார் என்று. ஆக்னஸ் திரைக்குப் பின்னால் இருமினாள். நான் நிறுத்தவில்லை. போம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன்.

நாற்பது பேரில் சரியான விடை சொன்னது நீ ஒருத்திதான். உன்னிடம்தான் நீ தப்பு என்று சொன்னேன்.

இது டெஸ்ட் இல்லை. நீ என்ன செய்கிறாய் என்று நான் எழுதப் போவதில்லை, எழுதுவதற்கு நோட்டும் என்னிடம் இருக்காது. உங்கள் நிறுத்தம் வந்துவிட்டது.

பிப்ரவரி 17

நோட்டு திரும்பி வந்துவிட்டது.

நேற்று முழுவதும் போன் ஒலிக்கவில்லை. வேன் போய்விட்டது என்றே நினைத்தேன். நேற்று எதுவும் எழுதியிருக்க முடியாது, நோட்டு இல்லை. இருந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

இன்று காலை ஒன்பது பத்துக்கு ஆய்வகத்தில் பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்தேன். கௌசிகா வாசலில் நின்றாள். தோளில் பை. உள்ளே வந்து நோட்டை மேசையில் வைத்தாள். முதல் மணி அடிச்சிருச்சுங்க்கா, மூணாவது மாடி ஏறணும் என்றாள். நான் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் போய்விட்டாள். மன்னித்துவிட்டாளா என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

பக்கங்களைப் புரட்டினேன். எதுவும் கிழியவில்லை. பிப்ரவரி 3-இல், நாற்பது விநாடி என்று நான் எழுதியிருந்த இடத்தில், 'நாற்பது' ஒரே கோட்டால் அடிக்கப்பட்டிருந்தது. அடியில் பழையது தெரிகிறது. மேலே 52 என்று எழுதி, பக்கத்தில் ம. கௌசிகா என்று கையெழுத்து. பிப்ரவரி 15-இலும் அப்படியே. ஓரத்தில் சின்னதாக ஒரு வரி: 'சுவத்துல கடிகாரம் இருந்துச்சுங்க்கா. பாத்துட்டுத்தான் இருந்தேன்.'

ஆக்னஸின் மூலத் தாளைத் தேடி எடுத்தேன். 23-க்கு எதிரே ஐம்பத்திரண்டு. கணினியில் நான் தட்டியதுதான் நாற்பது.

வெள்ளிக்கிழமை விசாரணை. அதை நினைத்தால் இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால், இந்தத் தடவையாவது, நீ சொன்னதுதான் சரி என்று அவளிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். இடைவேளை மணி அடித்துவிட்டது. லிஃப்ட் வேண்டாம், படியில் போகிறேன்.